அண்ணியின் குரோம் தொட்டி

எங்கள் அண்ணி இந்த வீட்டுக்கு வரும்போது தையல்காரி. ஆண்களுக்குக் கோட்டு தைப்பவள். இன்றைக்கு எங்கள் தெருமுனையில் நின்று, குரோம் போடுகிற இடம் எது என்று யாரைக் கேட்டாலும் அவள் கதவைத்தான் கைகாட்டுவார்கள். நடுவில் நடந்ததைச் சொல்ல என்னைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது. அவள் தொட்டியிலிருந்து ஏறி வரும் ஒவ்வொரு ராடும் அடுத்த கொட்டகையில் இருக்கும் என் கிரைண்டிங் மெஷினுக்குத்தான் வருகிறது. அதோடு நான் அவளுக்கு நாத்தனார். அண்ணியைப் புகழ்வதற்கென்று எந்த நாத்தனாரும் பேனாவை எடுப்பதில்லை, ஆகவே நான் சொல்வதை நம்பலாம்.

குரோம் என்றால் குளியலறைக் குழாயில் மின்னுகிற பளபளப்புதான் பலருக்கு ஞாபகம் வரும். இது அந்த அலங்காரம் இல்லை. பெரிய பிரஸ்களில் எண்ணெய் அழுத்தத்தில் மேலும் கீழும் போய்வரும் கனமான இரும்புத் தண்டுதான் ராடு. நாளாக நாளாக அது தேயும், எண்ணெய் ஒழுகும். அதைக் கழுவி, குரோமிக் ஆசிட் நிரப்பிய ஆழமான தொட்டியில் தொங்கவிட்டு, சுற்றிலும் ஈயத் தகடுகளை நிறுத்திக் கரண்ட் விட்டால், கரைசலில் இருக்கும் குரோம் மெல்ல மெல்ல ராடின்மேல் ஏறும். காலையில் தொங்கவிட்டது சாயங்காலம்வரை ஏறினாலும் தலைமுடிப் பருமன்தான் இருக்கும். ஆனால் அதன்மேல் அரத்தை வைத்து ராவினால் தேய்வது அரம்தான். கொஞ்சம் அதிகமாகவே ஏற்றி என்னிடம் அனுப்புவார்கள், நான் சாணைக்கல்லில் கொடுத்துச் சரியான அளவுக்குக் கொண்டுவருவேன்.

தொட்டியைக் கட்டியவன் என் அண்ணன். நல்ல கைகாரன். ஆனால் அவன் ஆரம்பித்த காலத்தில் புகையை இழுக்க ஒரு காற்றாடிகூடக் கிடையாது. கரண்ட் ஓடும்போது தொட்டி சோடா மாதிரி பொங்கும். குமிழிகள் உடைந்து உடைந்து, கண்ணுக்குத் தெரியாத சாரலாக ஆசிட் மேலே எழும்பும். அது போய் உட்காரும் இடம் மூக்கு. வருஷக்கணக்கில் அதைச் சுவாசித்து, அண்ணனுடைய மூக்கின் நடுச்சுவரில் ஓட்டையே விழுந்துவிட்டது. மூச்சு இழுத்தால் விசில் அடிக்கும். தெருவில் அவனுக்கு விசில்காரர் என்றே பெயர். அவனும் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்ப்பான். வாசனை என்பது மட்டும் அவனுக்குப் போனது போனதுதான். இனி தொட்டி அறைக்குள் கால் வைக்கக் கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்.

அப்போதே கடையை மூடியிருக்க வேண்டியது. அண்ணி தையல் மெஷினை ஓரமாகத் தள்ளிவிட்டு எழுந்தாள். இதென்ன பெரிய வித்தை என்று அவள் மார்தட்டினாள் என்றெல்லாம் நினைக்க வேண்டாம். நன்றாகப் பயந்தாள். முதல் நாள் ரப்பர் கையுறையோடு தொட்டியருகில் நின்றவளைப் பார்த்தால், கிணற்றுக்குள் தள்ளப்போகிறார்கள் என்று நினைத்தவள் மாதிரி இருந்தது. பயந்துகொண்டே நின்றாள், பயந்துகொண்டே கற்றுக்கொண்டாள். அண்ணன் முன்னறையில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல இவள் உள்ளே செய்வாள். ஏன், எதற்கு என்று அவள் கேட்ட கேள்விகளில் அண்ணனுக்குப் பாதி உயிர் போயிற்று. பதில் திருப்தியாக இல்லாவிட்டால் மறுநாள் சாப்பிடும்போது அதே கேள்வி திரும்ப வரும்.

தையல்காரி புத்தி ஓரிடத்தில் கைகொடுத்தது. ராடின் திருகு மரை, முனை போன்ற இடங்களில் குரோம் ஏறக் கூடாது. அங்கெல்லாம் டேப் சுற்றி மெழுகு பூசி மறைக்க வேண்டும். அண்ணன் சுற்றினால் மூட்டை கட்டியதுபோல இருக்கும். அண்ணி கோட்டுக் கழுத்துக்கு வெட்டுவதைப் போல வெட்டி ஒட்டுவாள். விளிம்பில் ஒரு பிசிறு இருக்காது. நான் வேண்டுமென்றே பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துத் தோற்றுப்போயிருக்கிறேன்.

கரண்ட்டைக் கொடுக்கும் ரெக்டிஃபையர் முன்னறையில் இருந்தது. சாரல் பட்டால் அதுவும் அரித்துப்போகும் என்பதால் தொட்டிக்கும் அதற்கும் நடுவில் ஒரு சுவர். அண்ணன் அதன் எதிரே நாற்காலி போட்டு மீட்டர் முள்ளைப் பார்த்துக்கொண்டிருப்பான். அவள் உள்ளே, இவன் வெளியே. சுவரின் இரண்டு பக்கமும் கத்திக்கத்திப் பேசிக் குடும்பம் நடத்திய தம்பதி எங்கள் தெருவில் இவர்கள் மட்டும்தான்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். குரோம் ஏறிக்கொண்டிருக்கும்போது கரண்ட் நிற்கக் கூடாது. நின்றுவிட்டால், அப்படியே மறுபடி சுவிட்சைப் போடவும் கூடாது. குரோமின்மேல் குரோம் ஒட்டாது. முதலில் கரண்ட்டைக் கொஞ்ச நேரம் எதிர்த்திசையில் திருப்பிவிட்டு, ஏறிய மேல்தோலைச் சுரண்டி எழுப்பி, பிறகு மெல்ல மெல்லக் கூட்ட வேண்டும். அதைச் செய்யாமல் விட்டால் வெளியே பார்க்க ராடு லட்சணமாக இருக்கும், உள்ளே இரண்டு தோலாக நிற்கும். வேலையில் போய் உரியும். இந்தத் தொழிலில் எழுத்துக் கூட்டத் தெரியாதவனுக்குக்கூட இது தெரியும். அண்ணிக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவனே அண்ணன்தான்.

ஒட்டுப்பலகை செய்யும் மில்லிலிருந்து ஒரு ஃபோர்மேன் வந்தார். அவருடைய பிரஸ்களில் நாலு ராடு தேய்ந்திருந்தது. எல்லாம் ஆள் உயரத்துக்கு மேலே. முதலில் ஒன்றைப் போட்டுக் காட்டுங்கள், சரியாக இருந்தால் மற்றதும் உங்களுக்கு, இனி மில் வேலை முழுக்க உங்களுக்கு என்றார். சொல்லிவிட்டு, நீங்கள்தானே கையால் போடுவீர்கள் என்று அண்ணனைக் கேட்டார். இல்லை, என் வீட்டுக்காரிதான் என்று அண்ணன் சொன்னதும் அவர் முகம் போன போக்கை நான் வாசலிலிருந்து பார்த்தேன். அண்ணியும் பார்த்தாள். கையுறையைக் கழற்றி மடித்து, வைக்க வேண்டிய இடத்தில் வைத்தாள்.

அன்று வீட்டில் பெரிய வாக்குவாதம். அண்ணனுக்குக் கொஞ்ச நாளாகவே தொட்டியை விற்றுவிட வேண்டும் என்று இருந்தது. என் மூக்கு போனது போதும், உன்னுடையதாவது முகத்தில் ஒழுங்காக இருக்கட்டும் என்பான். பக்கத்துத் தெருவில் ஒருவர் ரெக்டிஃபையரோடு தொட்டியை வாங்கிக்கொள்ளக் காத்திருந்தார். அண்ணி முடியாது என்று ஒற்றைக்காலில் நின்றாள். காற்றாடி போட்டாயிற்று, இப்போதுதான் கைக்கு வந்திருக்கிறது, இதை விட்டுவிட்டு மறுபடி பித்தான் தைக்கப் போக மாட்டேன் என்றாள். கடைசியில் என்னைச் சாட்சிக்கு வைத்து ஒரு பேச்சு முடிவானது. இந்த ராடு நன்றாக வந்தால் அண்ணன் இனி விற்பதைப் பற்றி வாயே திறக்கக் கூடாது. உரிந்தால் தொட்டி போகும், அண்ணி தையல் மெஷினுக்குத் திரும்புவாள்.

அந்த ராடுக்கு அவள் பட்ட பாட்டை நான் அறிவேன். கழுவினாள், துடைத்தாள், தண்ணீர் ஊற்றிப் பார்த்தாள். தண்ணீர் முத்து முத்தாக நின்றால் எங்கோ எண்ணெய்ப் பசை இருக்கிறது என்று அர்த்தம். மறுபடி கழுவினாள். ஈயத் தகடுகளை நகர்த்தி நகர்த்தி வைத்தாள். காலையிலேயே ராடைத் தொங்கவிட்டுக் கரண்ட் கேட்டாள். மத்தியானம், ராடை மேலே தூக்கும் சங்கிலிக்கு இன்னொரு கொக்கி வேண்டும் என்று என் கொட்டகைக்கு வந்து, வேறு ஒரு வேலைக்காக என்னிடம் இருந்த கொக்கியைக் கழற்றித் தரச்சொல்லிக் காத்திருந்தாள். அவள் தொட்டியை விட்டு நகர்ந்தது அந்த நேரம் மட்டும்தான். சாயங்காலம் ராடு மேலே வந்தபோது பால் வெள்ளையில், சொரசொரப்பே இல்லாமல் இருந்தது. நானே வாயைப் பிளந்தேன். அண்ணன் வாசலிலிருந்து பார்த்துவிட்டு, நல்லா வந்திருக்கு என்று மட்டும் சொன்னான்.

மறுநாள் காலையில் என் மெஷினில் ஏற்றினேன். தண்ணீரைத் திறந்துவிட்டு, கல்லைப் பட்டும் படாமலும் கொடுத்தேன். முனையிலிருந்து பாதி தூரம் போயிருப்பேன். நகம் போல ஒரு துண்டு தெறித்து என் கண்ணாடியில் அடித்தது. மெஷினை நிறுத்தினேன். உரிந்த இடத்தில் இரும்பு தெரிந்தால் கழுவியதில் கோளாறு, அண்ணியின் தப்பு. நான் துணியால் துடைத்துக் குனிந்து பார்த்தேன். இரும்பு தெரியவில்லை. கீழேயும் குரோம், வெள்ளை வெளேரென்று. தெறித்து விழுந்த துண்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். இரண்டு பக்கமும் மினுமினுத்தது.

கரண்ட் நின்றிருக்கிறது. நின்றது தெரியாமல் இருக்க வழியே இல்லை, ஏனென்றால் மீட்டருக்கு எதிரே ஒரு ஆள் உட்கார்ந்திருந்தான். அண்ணி கொக்கிக்காக என்னிடம் வந்து நின்ற நேரமாகத்தான் இருக்கும். காற்றாடிக்குத் தனி இணைப்பு. அது ஓடிக்கொண்டே இருந்திருக்கும், அதனால் அண்ணிக்குத்தான் தெரிந்திருக்காது.

துண்டைக் கொண்டுபோய் அண்ணியின் கையில் வைத்தேன். என் அண்ணன் மேல் எனக்குப் பாசம் உண்டு, ஆனால் அந்த நிமிஷம் அவன் எதிரே வந்திருந்தால் கையிலிருந்த ஸ்பானரால் என்ன செய்திருப்பேனோ. அண்ணி துண்டைத் திருப்பினாள். இன்னொரு முறை திருப்பினாள். என்னைக் கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு முன்னறைக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன். அண்ணன் நாற்காலியில் இருந்தான். துண்டை ரெக்டிஃபையரின் மேல், அவன் கண்ணுக்கு நேரே வைத்தாள்.

"கரண்ட் நின்னுச்சா?" என்று கேட்டாள்.

"நின்னுச்சு. சூடாகி ட்ரிப் ஆச்சு. திரும்பப் போட்டேன்."

மறந்துவிட்டேன் என்று சொல்லிவிட மாட்டானா என்று எனக்குள் ஒரு நப்பாசை. நான்தான் கேட்டேன். "சொல்ல மறந்துட்டியா அண்ணா?"

"மறக்கல," என்றான். என்னைப் பார்க்கவே இல்லை, அண்ணியிடம்தான் பேசினான். "முந்தாநாள் காலையில உன் தலையணையில ரத்தம் இருந்துச்சு. கேட்டா, வறட்சியில மூக்கு காஞ்சிருக்கும்னு சொன்னே. எனக்கும் அப்படித்தான் ஆரம்பிச்சுது. உன் மூக்கு ஓட்டையாகுறதுக்கு நான் உக்காந்து முள்ளைப் பாத்துக்கிட்டிருக்கணுமா?"

எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது, அழுகையும் வந்தது. இரண்டையும் சேர்த்துக் கத்தினேன். அவள் பட்ட பாடெல்லாம் உனக்கு விளையாட்டாக இருக்கிறதா என்று ஆரம்பித்து, சின்ன வயதில் என் பொம்மையை உடைத்ததுவரை எல்லாவற்றையும் இழுத்துக் கொட்டினேன். நான் மூச்சு வாங்கி நின்றபோது அந்த அறையில் அண்ணனுடைய மூக்கு விசில் மட்டும்தான் கேட்டது.

அண்ணி என்னைப் போலக் கத்தவில்லை. பேச்சுப்படி ராடு உரிந்துவிட்டது, தொட்டியை விற்றுவிடலாம் என்றாள். ஆனால் வாங்க வருகிறவரிடமோ அந்த ஃபோர்மேனிடமோ, இவளுக்குப் போடத் தெரியவில்லை என்று அண்ணனால் சொல்ல முடியுமா என்று கேட்டாள். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான். "எனக்கு நீ போதும். தொட்டி வேண்டாம்," என்றான்.

"எனக்கு ரெண்டும் வேணும்," என்றாள் அண்ணி. "ரத்தம் வந்ததை மறைச்சது என் தப்புதான். நாளைக்கு டாக்டர்கிட்ட போவோம். மூக்கு ஆறுறவரைக்கும் தொட்டியில கரண்ட் ஓடாது. அதுக்கப்புறம் இந்த ராடை நான் திரும்பப் போடுவேன்."

டாக்டர் விளக்கை வைத்துப் பார்த்துவிட்டு, புண் இருக்கிறது, ஓட்டை இல்லை, இப்படியே விட்டால் அதுவும் விழும் என்றார். களிம்பு கொடுத்தார். சாரல் வெளியே வராமல் தொட்டியை மூடு, முகத்துக்குச் சரியான கவசம் போடு, புண் ஆறாமல் அந்தப் பக்கம் போகாதே என்றார். ஆறிவிட்டதா என்று எப்படித் தெரியும் என்று அண்ணி கேட்டிருக்கிறாள். அதுதான் வீட்டிலேயே அனுபவஸ்தர் இருக்கிறாரே என்று அவர் அண்ணனைக் காட்டினாராம்.

ஃபோர்மேனுக்கு அண்ணியே போன் செய்தாள். ராடு உரிந்துவிட்டது, தப்பு எங்கள் கடையுடையது, முழுக்க உரித்துவிட்டு மறுபடி போட்டுத் தருகிறேன், அவகாசம் வேண்டும் என்றாள். யார் தப்பு என்று பெயர் சொல்லவில்லை. அந்தப் பக்கத்திலிருந்து வந்த பேச்சு எனக்குக் கேட்கவில்லை, ஆனால் அவள் காது சிவந்தது தெரிந்தது. நான் முதல் நாளே நினைத்தேன் என்கிற மாதிரி ஏதோ சொல்லியிருக்கிறார். சரி சார், சரி சார் என்று கேட்டுக்கொண்டு வைத்துவிட்டாள். வைத்த கையோடு மூடிக்கு அளவெடுக்க டேப்பைத் தேடினாள்.

அந்த நாட்களில் அவள் சும்மா இருந்தாளா என்றால் இல்லை. தொட்டி ஓடாததால் மூக்குக்குக் கெடுதலில்லை, நாக்குக்கும் கைக்கும் ஓய்வில்லை. தொட்டி வாய்க்குப் பிளாஸ்டிக் பலகையில் இரண்டு பாதியாக மூடி வெட்டினாள். ராடு தொங்கும் இடத்தில் மட்டும் வளைவு, அதன் விளிம்பில் ரப்பர். கோட்டுக் கைக்குத் தோள் வளைவு வெட்டுவதும் இதுவும் ஒன்றுதான் என்றாள். தொட்டியின் இரண்டு ஓரத்திலும் சாரலை உறிஞ்சும் குழாய் வைத்து, இன்னும் பெரிய காற்றாடியோடு இணைத்தாள். ரெக்டிஃபையர் சூடாகாமல் இருக்க அதற்கும் ஒரு காற்றாடி. அண்ணன் முதலில் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, குழாயின் வாய் இன்னும் தாழ்வாக இருக்க வேண்டும் என்றான். பிறகு அவனே அதை வெட்டிக் கொடுத்தான். உரிந்த ராடை என் பங்குக்கு நான் தனித் தொட்டியில் காஸ்டிக் சோடாவில் போட்டுக் கரண்ட்டைத் திருப்பிவிட்டேன். இரண்டு தோலும் கரைந்து, பழைய தேய்ந்த இரும்பு வெளியே வந்தது.

எல்லாம் தயாரான அன்று காலை, அண்ணி ஒரு டார்ச்சைக் கொண்டுவந்து அண்ணன் கையில் கொடுத்தாள். ஜன்னல் பக்கம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து தலையைப் பின்னால் சாய்த்தாள்.

"நல்லாப் பாருங்க," என்றாள். "ஆறலைன்னா சொல்லுங்க. இன்னிக்கே ஆளை வரச்சொல்லி வித்துடலாம். நான் எதுவும் கேக்க மாட்டேன்."

மூக்குக்குள் இருப்பது அண்ணன் கண்ணுக்கு மட்டும்தான் தெரியும். அவனுக்கு வேண்டியதெல்லாம் ஒரு வார்த்தை. அதுவும் பொய்யென்று யாராலும் நிரூபிக்க முடியாத வார்த்தை. ஒருமுறை ஏமாற்றியவன் கையில் மறுபடி இப்படிக் கழுத்தைக் கொடுப்பார்களா என்று அவள்மேல்கூட எனக்குக் கோபம் வந்தது. டார்ச்சைப் பிடுங்கி நானே பார்த்துவிடலாமா என்று இருந்தது, பார்த்தால் எனக்கு என்ன புரியப் போகிறது. அண்ணன் குனிந்து ஒரு பக்கம் பார்த்தான். மறு பக்கம் பார்த்தான். மறுபடி முதல் பக்கம்.

டார்ச்சை அணைத்தான். "ஆறிடுச்சு," என்றான். பிறகு, "மூடி போட்டு, கவசம் மாட்டினப்புறம் கரண்ட் கேளு. அதுக்கு முன்னால கேட்டா தர மாட்டேன்," என்றான்.

அவனையா மறுபடி மீட்டரில் உட்கார வைக்கிறீர்கள் என்று நான் அண்ணியின் காதைக் கடித்தேன். அந்த முள்ளை அவரைவிட நன்றாகப் பார்க்கத் தெரிந்த ஆள் இருந்தால் கூட்டிவா என்றாள். அன்று முழுவதும் அண்ணன் அந்த நாற்காலியை விட்டு எழவில்லை. டீயை நான் வைத்த இடத்திலேயே ஆற விட்டான். அவ்வப்போது சுவரைப் பார்த்து, ஓடுது என்று ஒரு குரல் கொடுப்பான். உள்ளேயிருந்து கவசத்துக்குள் இருந்து, ம் என்று ஒரு சத்தம் வரும். சாயங்காலம் ராடு மேலே வந்தது. நான் எதுவும் சொல்லவில்லை. போன தடவை வாயைப் பிளந்தது போதும்.

மறுநாள் கல்லைக் கொடுத்தபோது என் கொட்டகை வாசலில் இரண்டு பேரும் நின்றார்கள். முனையிலிருந்து முனைவரை கல் போனது. திரும்பி வந்தது. இன்னும் கொஞ்சம் கொடுத்தேன். எதுவும் தெறிக்கவில்லை. அளவு வந்ததும் மெஷினை நிறுத்தி, ராடைத் துடைத்து, நகத்தால் அங்கங்கே தட்டிப் பார்த்தேன். கடைசியில் திருப்தியாகி அண்ணியைப் பார்த்துத் தலையாட்டினேன். அவள் அங்கிருந்த ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டாள்.

ஃபோர்மேன் லாரியோடு வந்தார். மற்ற மூன்று ராடும் லாரியில் இருந்தன, ஆனால் அவர் இறக்கச் சொல்லவில்லை. முதலில் இதைப் பார்க்கலாம் என்றார். பார்த்தார். பாக்கெட்டிலிருந்து லென்ஸ் எடுத்துப் பார்த்தார். சுத்தியல் பிடியால் தட்டினார். அளவுக் கருவியை வைத்து மேலும் கீழும் அளந்தார். அண்ணி கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றாள். எல்லாம் முடிந்ததும் அவர் நிமிர்ந்து, அண்ணியைத் தாண்டி அண்ணனைப் பார்த்துச் சிரித்தார்.

"இந்தத் தடவை நீங்க கூடவே இருந்து பாத்துக்கிட்டீங்க போல," என்றார்.

தெருவில் டர்னர், வெல்டர் என்று நாலைந்து பேர் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றார்கள். அண்ணன் அவர்களோடு வளர்ந்தவன். அவன் கைக்கு இந்தத் தெருவில் ஒரு பெயர் உண்டு. மூக்கு போனபிறகும் அந்தப் பெயர் போகவில்லை. அவன் ஆமாம் என்று தலையாட்டியிருந்தாலும் அண்ணி எதுவும் சொல்லியிருக்க மாட்டாள். நானும் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றிருப்பேன்.

"போன தடவைதான் சார் நான் பாத்துக்கிட்டது," என்றான் அண்ணன். "கரண்ட் நின்னுச்சு, இவகிட்ட சொல்லாம திரும்பப் போட்டேன். தெரிஞ்சேதான் செஞ்சேன். உரிஞ்சது என்னால. இது இவ போட்டது."

வெல்டர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். ஃபோர்மேன் அண்ணனையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு முதல் முறையாக அண்ணி பக்கம் திரும்பி, மற்ற மூன்றையும் எங்கே இறக்கட்டும் என்று கேட்டார். உள்ளே, சுவரோரமாக என்றாள் அண்ணி. அண்ணன் லாரியின் பின்கதவைத் திறக்கப் போனான், அவளும் பின்னாலேயே போய் மறுபக்கத்தைப் பிடித்தாள்.